கடன் தர இந்தியா. முடிவெடுக்க மேலை நாடுகளா?

புதுதில்லி: அன்னியச் செலாவணிக் கையிருப்பு கரைந்துபோன நிலையில், 1991 ஜூலையில் ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் இந்தியா அடகு வைத்தது. அதே இந்தியா 2009 நவம்பரில் சர்வதேச நிதியத்திடமிருந்து 200 டன் தங்கத்தை 670 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கியது. 2012-ல் மெக்சிகோவில் நடைபெற்ற ஜி-20 மாநாட்டில், ஐரோப்பியக் கடன் நெருக்கடி முற்றியிருந்த வேளையில், அந்த நிதியத்துக்கு 1,000 கோடி டாலர் அளிப்பதாக அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் அறிவித்தார். 1991-ல் நிதியமைச்சராக இருந்தவரும் அவரே.

கடன் கேட்ட நாடு கடன் தரும் நாடாக உயர்ந்துவிட்டது. ஆனால், நிதியத்தின் முடிவுகளில் அதன் குரல் அதே அளவுக்கு உயரவில்லை என்பதே உண்மை.

வளரும் நாடுகளின் பங்கை உயர்த்த 2010 டிசம்பரில் எடுக்கப்பட்ட முடிவு, அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்காக ஐந்து ஆண்டுகள் காத்துக் கிடந்தது. 2016 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது, இந்தியாவின் பங்கு 2.44 சதவீதத்திலிருந்து 2.75 சதவீதமாக மட்டுமே உயர்ந்தது. சீனாவின் பங்கு 6.4 சதவீதத்தை எட்டியது. முக்கிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்குகள் தேவை. அமெரிக்காவிடம் 16 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகள் உள்ளதால், அதன் இசைவின்றி எதுவும் நிறைவேறாது.

2023 டிசம்பரில் நிதியத்தின் மூலதன ஒதுக்கீட்டை 50 சதவீதம் உயர்த்த முடிவானது. எனினும், அவரவர் பங்கின் விகிதத்திலேயே உயர்வு என்பதால் அதிகாரச் சமன்பாடு மாறவில்லை.

இந்த அதிருப்தியின் விளைவாகவே 2014-ல் பிரேசிலில் கூடிய பிரிக்ஸ் மாநாடு புதிய வளர்ச்சி வங்கியை அறிவித்தது. ஐந்து நிறுவன நாடுகளுக்கும் சம பங்கு என்பது அதன் சிறப்பு. ஆனால், அப்போதே உருவாக்கப்பட்ட 10,000 கோடி டாலர் அவசரகால நிதி ஏற்பாட்டில், ஒரு நாடு தனக்குரிய தொகையில் 30 சதவீதத்துக்கு மேல் பெற சர்வதேச நிதியத்துடன் உடன்பாடு செய்திருக்க வேண்டும். மாற்று என அமைக்கப்பட்டதும் பழைய வாசலிலேயே போய் நிற்கிறது.

இந்தியாவுக்கு இதில் மற்றொரு சங்கடமும் உண்டு. பொருளாதார அளவுக்கேற்பப் பங்குகள் திருத்தப்பட்டால் பெரும் ஆதாயம் அடையப்போவது, எல்லைத் தகராறு தீராத சீனாவே. பிரிக்ஸ் அமைப்பிலும் மிகப் பெரிய பொருளாதாரம் அதுதான். மேலை நாடுகளின் ஆதிக்கம் குறைய வேண்டும். அந்த இடத்தில் சீனாவின் ஆதிக்கம் வந்து அமரவும் கூடாது என்பதே தில்லியின் நிலை.

அடுத்த நெருக்கடியில் எந்த நாட்டுக்குக் கடன், என்ன நிபந்தனை என்பதை இந்த வாக்குகளே தீர்மானிக்கும். நிபந்தனைகளின் சுமையை 1991-ல் அனுபவித்தறிந்த நாடு, அவற்றை வகுக்கும் மேஜையில் உரிய இடம் கேட்பது கௌரவப் பிரச்சினை மட்டுமல்ல.