கல்லாவில் ஒரு கேமரா இருக்கட்டும்

ஜி.எஸ்.டி., எடை முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம், லாரி வாடகை என்றே பேசிப் பழகிய இந்தப் பக்கத்தில் கேமராவைப் பற்றி எழுத வந்திருக்கிறோம். "வேலையற்ற வேலை" என்று சிலர் சிரிக்கலாம். முழுவதும் படித்துவிட்டுச் சிரிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நம் கடை தொடங்கி ஐம்பது ஆண்டு நிறைவதை ஒட்டி ஒரு அழைப்பிதழ் அச்சடிக்க நினைத்தோம். "தாத்தா கல்லாவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக் குடுங்கப்பா, முன்பக்கத்தில் போடலாம்" என்றான் நம் மகன். பழைய இரும்புப் பெட்டியைத் திறந்து தேடினோம். நீளப் பேரேடுகள் இருந்தன. லாரி ரசீதுக் கட்டுகள், எடை முத்திரைச் சான்று, கோயில் நன்கொடை ரசீது எல்லாம் பத்திரமாக இருந்தன. படம் மட்டும் இல்லை. சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படம், ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து தலையை மட்டும் எடுத்துப் பெரிதாக்கியது. ஸ்டூடியோவில் அதற்குக் கோட்டும் டையும் வேறு வரைந்து கொடுத்திருந்தார்கள். வாழ்நாள் முழுவதும் கதர்ச் சட்டையும் தோளில் துண்டுமாக, கையில் குத்தூசியோடு மூட்டை பார்த்த மனிதர், கோட்டுப் போட்ட யாரோ ஒருவராகச் சுவரில் இருக்கிறார். கடைசியில் அழைப்பிதழில் பிள்ளையார் படம் போட்டோம்.

இது நம் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

நம் கடைவீதியை யார் படமெடுத்தார்கள்?

மதுரை படத்துக்குப் பஞ்சமான ஊர் அல்ல. 1858-லேயே, சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு இங்கே வந்தார். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், புது மண்டபம், தெப்பக்குளம் எல்லாவற்றையும் படமெடுத்தார். கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக எழுப்பிய விளக்குத்தூணும் அந்தப் படங்களில் உண்டு. ஆனால் அந்தக் காலத்துக் கேமராவை முக்காலியில் நிறுத்தி, நெடுநேரம் ஒளி வாங்க வைக்க வேண்டும். கல்லும் தூணும் அசையாமல் நிற்கும், படத்தில் விழும். நடமாடுகிற மனிதன் தங்கமாட்டான்.

மனிதர்களை அவர்கள் வேலையோடு படமெடுக்கச் சின்னக் கேமரா வர வேண்டியிருந்தது. 1925-ல் ஜெர்மனியில் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்தது. சினிமாவுக்கான 35 மில்லிமீட்டர் பிலிமில் இயங்கியது. கோட்டுப் பையில் அடங்கியது. அத்தகைய லைக்காவோடு உலகம் சுற்றியவர் ஆன்ரி கார்த்தியே பிரெசோன் என்ற பிரெஞ்சுக்காரர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தவர் அவரே. அதே ஆண்டு மதுரையிலும் படமெடுத்திருக்கிறார்.

ஆக, வெளியூர்க்காரரிடம் நம் ஊர் இருக்கிறது. நம்மிடம் இருக்கிறதா? புது மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின்கள், பாத்திரக் கடைகள், புத்தகக் கடைகள், சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் வேடத் துணி தைக்கும் டெய்லர்கள் என்று எத்தனை தலைமுறை அங்கே பிழைத்தது! அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மண்டபத்தின் பழம்பெருமைக்கு அது நல்லதா, வியாபாரத்துக்குக் கெடுதலா என்ற வழக்கை இங்கே பேச வரவில்லை. அங்கே நாற்பது வருடம் மெஷின் மிதித்தவர் தம் பேரனுக்குக் காட்ட, தூணோடு சேர்ந்த ஒரு படம் அவர் கையில் உண்டா என்பதே நம் கேள்வி. வந்து போன வெள்ளைக்காரரின் ஆல்பத்தில் நிச்சயம் இருக்கும்.

மிரர்லெஸ் என்றால் என்ன?

நமக்குக் கேமரா என்றாலே கல்யாண வீட்டில் தோளில் தொங்கும் பெரிய கேமராதான் நினைவுக்கு வரும். எஸ்.எல்.ஆர். எனப்படும் அந்தக் கேமராவின் உள்ளே, லென்சுக்குப் பின்னால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி சாய்வாக இருக்கும். லென்ஸ் வழியாக வரும் காட்சியை அது மேலே நம் கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அழுத்தியதும் 'டப்' என்று மேலே மடங்கிக்கொள்ளும். அந்தக் கண்ணாடி மடங்க இடம் வேண்டுமே, அதனால்தான் கேமராவுக்கு அவ்வளவு தடிமன்.

அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டால் அது மிரர்லெஸ். சென்சார் பார்க்கும் காட்சி நேராகச் சின்னத் திரையில் தெரியும். 2008-ல் ஒலிம்பஸ், பானாசோனிக் இரு கம்பெனிகளும் சேர்ந்து இதற்கென மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற அளவை அறிவித்தன. அதே ஆண்டு பானாசோனிக் ஜி1 வந்தது. பிறகு சோனி, ஃபியூஜி என்று வரிசையாக வந்தன.

வியாபாரிக்கு எடை சொன்னால்தான் புரியும். 2014-ல் வந்த சோனி ஏ6000, பேட்டரி, மெமரி கார்டு எல்லாம் சேர்த்து 344 கிராம். பானாசோனிக்கின் 20 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று சரியாக 100 கிராம். நம் தராசில் வைக்கும் நூறு கிராம் படிக்கல்தான். (ஒரு கம்பெனி லென்ஸ் பெரும்பாலும் இன்னொரு கம்பெனி கேமராவில் ஏறாது; மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் ஒலிம்பஸும் பானாசோனிக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தும்.) இதைச் சட்டைப் பையில் இல்லாவிட்டாலும் கொள்முதலுக்குப் போகும் மஞ்சள் பையில் போடலாம். ஒன்றரைக் கிலோ கேமராவை வாங்கியவர் முதல் மாதம் சுமப்பார். அதன் பிறகு பீரோவில் வைத்துப் பூட்டுவார். பூட்டிய கேமரா படம் எடுக்காது.

செல்போன் போதாதா?

நியாயமான கேள்வி. செல்போனில் நல்ல படம் வருகிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. கேமரா வாங்க வசதியில்லாதவர் செல்போனிலேயே எடுங்கள்; எடுக்காமல் இருப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் மூன்று சங்கதிகள் உண்டு.

முதலாவது, வெளிச்சம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் 17.3க்கு 13 மில்லிமீட்டர். பெரும்பாலான செல்போன்களில் உள்ள சென்சாரின் பரப்பு இதில் பாதிகூட இராது. ஓட்டை ஓடு வழியாக விழும் வெளிச்சத்தில் கிட்டங்கிக்குள் நிற்கும் ஆளின் முகத்தை எடுக்கப் பெரிய சென்சாரும், 1.7, 1.8 என்று வாய் அகலமான லென்சும் உதவும்.

இரண்டாவது, வெயில். மதுரை மத்தியான வெயிலில் செல்போன் திரையில் நம் முகம்தான் தெரியும். கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கும் வியூ ஃபைண்டர் உள்ள கேமராவில் அந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். செல்போனைக் கையில் எடுத்தால் ஆர்டர் வரும், பாக்கி கேட்டு மெசேஜ் வரும், காலை வணக்கம் நாற்பது வரும். எடுத்த படம் அந்தக் குப்பைக்குள் புதைந்துபோகும். கேமராவுக்கு ஒரே வேலை. அதைக் கையில் எடுத்த நேரம் நாம் பார்ப்பதற்காகவே நிற்கிறோம்.

இதைச் சொந்த அனுபவத்தில் சொல்கிறோம். மிளகாய் கொள்முதலுக்குக் குண்டூருக்கும், மஞ்சளுக்கு ஈரோட்டுக்கும், ஏலத்துக்குப் போடிக்கும் எத்தனை முறை போயிருப்போம்! அந்தப் பயணங்களில் மிஞ்சியது லாட்ஜ் பில்லும் லாரி ரசீதும்தான். சின்னக் கேமரா வந்த பிறகு போன ஊர்களில்தான் டீக்கடைக்காரர் முகம் நினைவிருக்கிறது, யார்டில் மலைபோல் குவிந்த சிவப்பு நினைவிருக்கிறது. ரயிலுக்குக் காத்திருக்கும் இரண்டு மணி நேரம் இப்போது நமக்குப் பாரமாக இருப்பதில்லை.

எதை எடுப்பது?

தாஜ்மகாலை எடுக்க ஆயிரம் பேர் உண்டு. கீழமாசி வீதியில் விடியற்காலை லாரியிலிருந்து மூட்டை இறங்குவதை எடுக்க யார் உண்டு? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகைக்கு விலை கூவும் நேரத்தை எடுங்கள். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பேசுகிறோம். பூவை எடை போடும் கைகளைப் படமெடுத்தோமா? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால். இன்னொரு ஞாயிறு கீழக்குயில்குடி சமணர் மலை. இன்னொரு நாள் மேலூர்ப் பக்கம் வயல், பின்னால் யானைமலை. செலவு பஸ் டிக்கெட் மட்டும்.

காலை ஆறிலிருந்து எட்டு வரை, மாலை நாலரைக்கு மேல், இந்த வெளிச்சம்தான் முகத்துக்கு நல்லது. மத்தியானம் தெருவை விட்டுவிட்டுக் கடை வாசலுக்கு உட்புறம் வாருங்கள். வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும். அதைவிட நல்ல ஸ்டூடியோ கிடையாது. லென்ஸ் ஒன்று போதும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 17 அல்லது 20 மில்லிமீட்டர் இருந்தால் கடையும் ஆளும் சேர்ந்து வருவார்கள். கிட்டத்தில் வேண்டுமானால் இரண்டு அடி முன்னால் நடங்கள். முகம் மட்டும் எடுக்க ஆசைப்படுபவர்கள் பின்னர் 45 மில்லிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

சில எச்சரிக்கைகள்

வத்தல் கிட்டங்கியிலும் தவிட்டு மண்டியிலும் லென்சைக் கழற்றாதீர்கள். கண்ணாடி இல்லாததால் சென்சார் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். தூசி நேரே அதில் போய் உட்காரும். இந்தக் கேமராக்களில் பேட்டரி சீக்கிரம் தீரும். மாற்றுப் பேட்டரி ஒன்று எப்போதும் பையில் வேண்டும். மழைக்காலத்தில் லென்சில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். கோயிலுக்குள் கேமராவைக் கொண்டுபோக வேண்டாம். மீனாட்சியம்மன் கோயிலில் 2018 முதல் செல்போனுக்கே தடை இருக்கிறது.

வாங்கும்போது பில்லோடு வாங்குங்கள். டிஜிட்டல் கேமராவுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி.யை 2019 ஜனவரி 1 முதல் 18 சதவீதமாகக் குறைத்தார்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்குவதைக் கடைக் கணக்கில் போட்டு உள்ளீட்டு வரி வரவு எடுக்கச் சட்டத்தில் இடமில்லை, ஆசைப்பட வேண்டாம். இரண்டாம் கை கேமரா குற்றமில்லை. லென்சை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சரக்குப் பார்க்க நமக்கா சொல்லித் தர வேண்டும்?

இன்னொன்று, எடுப்பவரின் மரியாதை. மூட்டை தூக்குபவரும் பூ விற்கும் அம்மாவும் வேடிக்கைப் பொருள் அல்ல. "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவைக் கீழே இறக்குங்கள். சரி என்றால், அடுத்த வாரம் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். நம் கடையில் இருபது வருடம் சுமை தூக்கியவருக்கு அவர் படத்தைக் கொடுத்தோம். நெடுநேரம் பார்த்தார். "நான் இப்படியா இருக்கேன் முதலாளி?" என்று கேட்டார். இப்போது அது அவர் வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் தனியாக ஒரு படத்தில் இருப்பது அதுதான் முதல் தடவை என்று பிறகு அவர் மகள் சொன்னாள்.

நம் பக்கமும் ஒரு குறை

ஒரு கல்லூரிப் பையன் கேமராவோடு கடை முன் நின்றால் நாம் என்ன செய்கிறோம்? "யாருப்பா நீ? எந்த ஆபீஸ்?" என்று விரட்டுகிறோம். அதிகாரியோ என்ற பயம் நமக்கு. கணக்குச் சரியாக இருப்பவர் எதற்குப் பயப்பட வேண்டும்? அடுத்த முறை ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "எடுத்துக்க தம்பி, எங்களுக்கும் ஒரு காப்பி கொடு" என்று சொல்லிப் பாருங்கள்.

எடுத்ததைக் காப்பதும் முக்கியம். பேரேட்டுக்கு நகல் வைப்பதுபோல் படத்தையும் இரண்டு இடத்தில் வையுங்கள். நல்லதை மட்டும் பிரிண்ட் போட்டுப் பின்பக்கம் பெயர், இடம், தேதியைப் பேனாவால் எழுதுங்கள். பெயர் எழுதாத படம் இருபது வருடத்தில் அநாதையாகிவிடும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். வரும் ஆயுத பூஜை அன்று, தராசுக்குப் பொட்டு வைத்த பிறகு, முதலாளி முதல் சுமை தூக்குபவர் வரை எல்லோரும் கடை வாசலில் நில்லுங்கள். வீட்டுப் பிள்ளை ஒருவரிடம் சின்னக் கேமராவைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பெயர்ப் பலகை தெரிய வேண்டும். இரண்டு பிரிண்ட் போட்டு ஒன்றைக் கடையில் மாட்டுங்கள். மற்றதைப் பின்பக்கம் பெயர்களை எழுதிச் சங்க அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நிர்வாகிகள் அதற்கென ஒரு ஆல்பம் வாங்கி வைக்க வேண்டும் என்று இதன் மூலம் கேட்டுக்கொள்கிறோம். நம் பேரன்மார் அழைப்பிதழ் அடிக்கும் காலத்தில், கோட்டு வரையாத தாத்தாக்கள் அதில் இருப்பார்கள்.