மீன்கடைப் பக்கம் போகாதவர்கள்

கல்கத்தா லேக் மார்க்கெட் தமிழர்களைப் பற்றி எழுத யாராவது வந்தால் நாம் எதையெல்லாம் சொல்லி அனுப்புகிறோம்? முருங்கைக்காய், வாழைப்பூ, அப்போதைக்கப்போது அரைத்த காப்பிப்பொடி, கோமள விலாஸ் ஹோட்டல், சபா கச்சேரிகள், டல்ஹௌசி ஸ்கொயர் கம்பெனிகளில் சுருக்கெழுத்து எழுதிய தாத்தாக்கள். அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக ஒரு கால்பந்து ஊரில் குடியிருந்திருக்கிறோம். நம் கதையில் ஒரு பந்துகூட உருளவில்லை.

கால்பந்து ஆட்டக்காரர் முகமது சலீமையே எடுத்துக்கொள்வோம். 1904-ல் நம் ஊர் மெட்டியாபுரூஸில் பிறந்தவர். 1934-ல் முகமதன் ஸ்போர்ட்டிங், அதுவரை எந்த இந்திய அணிக்கும் கிட்டாத கல்கத்தா லீக் கோப்பையை வென்றது. அந்த அணியின் வலது ஓரத்தில் வெறுங்காலோடு ஆடியவர் இவர். 1936-ல் இங்கே சீன ஒலிம்பிக் அணியோடு காட்சி ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தபோது, பிரிட்டனில் வாழ்ந்த உறவினர் ஒருவர் பேச்சைக் கேட்டு, கமுக்கமாகக் கப்பலேறிவிட்டார். கிளாஸ்கோவில் செல்டிக் கிளப்பின் மேலாளர் வில்லி மேலிக்கு, பூட்ஸ் போடாத ஒருவன் ஸ்காட்லாந்துத் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு எதிரே ஆடுவதா என்று முதலில் சிரிப்பு வந்ததாம். ஆடிக் காட்டியதும் சிரிப்பு நின்றது.

பாதத்தைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு செல்டிக்கின் இரண்டாம் அணிக்கு ஆடினார். பழைய நட்சத்திரம் ஜிம்மி மெக்மெனமி அவருக்குக் கட்டுப்போடும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. கால்ஸ்டனுடன் ஓர் ஆட்டம், ஹாமில்டனுடன் ஓர் ஆட்டம். பின்னதில் பெனால்டியில் ஒரு கோல். அங்கத்திய பத்திரிகை அவரை 'இந்திய வித்தைக்காரர்' என்று கொண்டாடியது. கிளப் இருக்கச் சொல்லியும் ஊர் நினைப்புத் தாளாமல் சில மாதங்களில் திரும்பிவிட்டார். மறுபடி முகமதன், அப்புறம் மறதி. முதுமையில் அவர் நோயுற்றபோது மகன் செல்டிக்குக்குக் கடிதம் எழுதினார். பணம் கேட்க அல்ல, அப்பாவை அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்க. நூறு பவுண்டுக்கு டிராஃப்ட் வந்தது. 1980-ல் சலீம் காலமானார்.

இரண்டு ஆட்டம் ஆடியவரை கிளாஸ்கோ நினைவில் வைத்திருந்தது. அவர் ஆயுள் முழுக்க இருந்த ஊரில் நாமும்தான் இருந்தோம். மெட்டியாபுரூஸ் தையல்காரர்கள் தைத்த சட்டையைப் பூஜைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டோம். அந்தப் பேட்டையில் யார் வாழ்கிறார்கள் என்று கேட்கவில்லை. சு. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்களின் உழைப்பில் வங்க நாவல்கள் தமிழுக்குப் போயின. வங்கத்தின் மைதானத்தைத் தமிழுக்குக் கொண்டுபோக நம்மில் யாரும் மெனக்கெடவில்லை. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் சிங்க்ரி இறால் என்று மாலைச் சந்தையே முடிவை அறிவிக்கும். நம்மில் பெரும்பாலோருக்கு மீன்கடைப் பக்கம் போகிற வழக்கமே இல்லை!

சலீம் வேற்று மொழிக்காரர், வேற்று மதத்தவர் என்று சமாதானம் சொல்லலாம். அதுவும் செல்லாது. தெற்கிலிருந்து இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள் நம் பெரியவர்கள் மட்டுமா? 1930-களில் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடிய முருகேஷும் லட்சுமிநாராயணனும் பெங்களூரிலிருந்து வந்தவர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அதே கிளப்பைத் தூக்கி நிறுத்திய வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஐவரும் தென்னாட்டுக்காரர்கள். 1949 முதல் 1951 வரை தொடர்ந்து மூன்று முறை ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வென்ற அணி அவர்களுடையது. வங்காளிகள் அவர்களைப் பஞ்சபாண்டவர் என்று இன்றும் சொல்கிறார்கள். நம் சங்க ஆண்டுமலர்களில் அவர்களைத் தேடினால், கச்சேரிக்கு வந்த வித்வான்களின் படங்களும் சங்க நிர்வாகிகளின் படங்களும்தான் கிடைக்கும்.

இது வெறும் மறதி இல்லை. சங்கீதம் தெரிந்தவரும் ஆபீசில் உயர்ந்தவரும்தான் 'நம்மவர்' என்று ஒரு கணக்கு வைத்திருந்தோம். கன்டோன்மென்ட் தெருக்களில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்து, காலை நம்பி ரயிலேறி வந்தவனுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. நாம் கொஞ்சம் தெரிந்தே செய்த புறக்கணிப்பு இது.

அந்த ஆட்டங்களைப் பார்த்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் மிகக் குறைவு. உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டியவர் இருந்தால், மைதானத்துக்குப் போனதுண்டா என்று இந்த வாரமே கேளுங்கள்; சொல்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். பரணில் பழைய டிக்கெட்டோ பத்திரிகைத் துண்டோ இருந்தால் காகிதக்காரனுக்குப் போடாதீர்கள். அடுத்த மலரைத் தொகுப்பவர்கள் நிர்வாகிகள் படத்தில் நான்கு பக்கம் குறைத்து, அந்தப் பக்கங்களை இந்த ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும்.