இரண்டு புள்ளி கிடைத்தால் போதுமா?

பத்தாம் வகுப்புப் பேரனோ பேத்தியோ இருக்கும் வீட்டில் இந்தப் பாராயணம் கேட்கும்: "ஒய் மைனஸ் ஒய் ஒன் பை ஒய் டூ மைனஸ் ஒய் ஒன்..." இரு புள்ளிகள் வழியே செல்லும் நேர்க்கோட்டின் சமன்பாடு. மந்திரம் மாதிரி ஒப்பிக்கிறார்கள். அர்த்தம் கேட்டால் முழிக்கிறார்கள். குற்றம் பிள்ளைகள் மேல் இல்லை. மார்க்குக்காக மட்டுமே கணக்குச் சொல்லித் தரும் நம் வழக்கத்தின் மேல்தான்.

நம்ம ஊரைவிட நல்ல கரும்பலகை வேறு எங்கே இருக்கிறது? போடியில் 34 டிகிரி, அதே நேரம் சுமார் ஆயிரம் மீட்டர் மேலே போடிமெட்டில் 28 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறினால் 6 டிகிரி குறைகிறது. அதுதான் சாய்வு. கிளம்பும் இடத்தில் 34. ஆக, வெப்பம் = 34 − 6 × ஏறிய உயரம். பாதி உயரத்தில் 31. அவ்வளவுதான் சமன்பாடு. "17 கொண்டை ஊசி வளைவு இருக்கிற ரோட்டில் நேர்க்கோடு எப்படி?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அதுதான் படிப்பு. ரோடு வளையட்டும், நாம் அளப்பது உயரத்தை.

"புரிய வைக்க நேரம் ஏது, பரீட்சை வருகிறதே" என்பார்கள். புரிந்த பிள்ளை சூத்திரம் மறந்தாலும் சாய்விலிருந்து அதை மீட்டுவிடும். ஒப்பித்த பிள்ளை ஒரு குறி மாறினால் தொலைந்தது.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. எந்த இரண்டு புள்ளிக்கும் ஒரு கோடு கிடைத்துவிடும். மூன்றாவது புள்ளி அதில் உட்காருமா என்று பார்க்க நாம் சொல்லித் தருவதே இல்லை. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாயைத் தொட்டது. வெள்ளமும் வறட்சியும் விளைச்சலைக் குறைத்ததால் வந்த விலை அது. முந்தின வருஷ விலையையும் இதையும் சேர்த்துக் கோடு இழுத்தால், அடுத்த வருஷம் பத்தாயிரத்துக்கு மேல் காட்டும். 2021-இல் விலை ஆயிரம் ரூபாய்ப் பக்கம் இறங்கிக் கிடந்தது. அந்தக் கோட்டை நம்பித் தோட்டம் குத்தகைக்கு எடுத்தால் வட்டியை யார் கட்டுவது?

மலையைக் கோடு போட்டுச் சொல்லலாம், சந்தையைச் சொல்ல முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் நூற்றுக்கு நூறு வாங்கி என்ன பயன்? இன்று ராத்திரி உங்கள் பேரனிடம் சூத்திரத்தைக் கேட்காதீர்கள். சாய்வு என்றால் என்ன என்று கேளுங்கள்.