பூட்டி வைத்த ரயில்

பெரும்பாக்கத்துக்குக் குடிவந்த புதிதில் சாமான்களைப் பிரித்தபோது, பழைய செருப்புப் பெட்டி ஒன்றில் அந்த ரயில் எஞ்சின் கிடைத்தது. 1986-ல் என் மைத்துனர் லண்டனிலிருந்து என் மகனுக்காக வாங்கி வந்தது. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் அகல ரயில் பாதை 1,676 மில்லிமீட்டர். ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன், "தாத்தா, இது ஓடுமா?" என்றான். ஹாலில் தண்டவாளத்தை மாட்டி, டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டேன். 'உர்'ரென்று உறுமியது, நகரவில்லை. உடனே அணைத்துவிட்டேன். சுற்றாமல் நிற்கும் மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தால் காயில் கருகிவிடும்.

கடையில் காட்டினேன். "இதுக்கெல்லாம் ஸ்பேர் கிடைக்காது சார், புதுசா வாங்கிக் குடுங்க" என்றார்கள். மகனும் போனில், "விடுங்கப்பா, ஆன்லைன்ல ஒண்ணு ஆர்டர் போட்டுடறேன்" என்றான். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பழைய வேட்டியை மேஜையில் விரித்து, பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு திறந்தேன். கழற்றிய ஸ்க்ரூக்களை வரிசைப்படி ஒரு தட்டில் வைப்பது அவன் வேலை. உள்ளே எதுவும் உடையவில்லை, தேயவுமில்லை. பல்சக்கரங்களுக்குப் போட்ட கிரீஸ்தான் மெழுகாக இறுகியிருந்தது. மிக்ஸியில் மாற்றுவோமே, அதே மாதிரி கார்பன் பிரஷ் இதிலும் உண்டு, குட்டியாக. அது உரசும் செப்புப் பகுதி கறுத்துப் போயிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தோம். செப்பின் இடுக்குகளைப் பல் குத்தும் குச்சியால் சுரண்டினோம். சக்கரங்களையும் துடைத்தோம், தண்டவாளத்திலிருந்து மின்சாரம் அவை வழியாகத்தானே மோட்டாருக்கு வர வேண்டும்? கடைசியில், தையல் மெஷின் எண்ணெய் ஊசிமுனையால் ஒரு சொட்டு.

இரண்டு மாலை வேலை. மூன்றாம் நாள் சோபாவைச் சுற்றி ஓடியது. பேரன் போட்ட கூச்சலில் என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

அன்றிரவு வீடியோவில் பார்த்த மகன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "என்னைத் தொடவே விடலியேப்பா நீங்க."

உண்மைதான். 'உடைச்சுடுவே' என்று அலமாரியில் பூட்டி வைத்தவன் நான். வருஷத்தில் இரண்டு முறை, விருந்தாளி வந்தால், நானே எடுத்து ஓட்டிக் காட்டுவேன். அப்புறம் அதுவும் நின்றுபோனது. ஓடாமல் கிடந்ததால்தான் கிரீஸ் இறுகியது. குழந்தை கை பட்டுக் கெடவில்லை, படாமல்தான் கெட்டது.

பெரிய எஞ்சின்களிலும் இதற்கு உதாரணம் உண்டு. 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட இஐஆர் 21 நீராவி எஞ்சின், சுமார் நூறு ஆண்டுகள் வெறும் காட்சிப் பொருளாக நின்றது. 2010-ல் நம் பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள் அதைச் சீர்செய்து மறுபடி ஓட வைத்தார்கள். அந்த வயது எஞ்சினுக்குக் கடையில் ஸ்பேர் கிடைத்திருக்குமா என்ன? கழற்றிப் பார்க்கத் துணிந்தார்கள், கைவேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

அந்தக் கைவேலை நம் வீடுகளில் குறைந்துகொண்டே வருகிறது. ரேடியோ, டேபிள் ஃபேன், சைக்கிள் டைனமோ என்று நாம் பிரித்துப் பார்த்து வளர்ந்தோம். நம் பிள்ளைகளுக்கோ 'தொடாதே' என்றோம். இன்று அவர்கள் எதையும் திறக்காமலே புதிதாக வாங்குகிறார்கள் என்று நாமே குறைப்படுகிறோம்! பாதித் தவறு நம்முடையது.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். பரணில் இப்படி ஏதாவது கிடந்தால் இறக்குங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்க்ரூடிரைவரைப் பேரன் பேத்தி கையில் கொடுங்கள். ஒரு ஸ்க்ரூ தொலையலாம், தொலையட்டும்.

எங்கள் எஞ்சின் இப்போது அலமாரியில் இல்லை, பேரனின் பையில் பெங்களூர் போய்விட்டது. குச்சியும் எண்ணெய்ப் புட்டியும் கூடவே போயிருக்கின்றன.