ஒட்டுக்கேட்பது சர்க்காருக்குச் சரி, உழவன் பதிந்தால் மட்டும் குற்றமா?



சொர்ணவாரி நெல்லை அறுத்துக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவிட்டுக் காத்துக் கிடக்கிறோம். "மூட்டைக்கு இவ்வளவு வை, இல்லேன்னா ஈரப்பதம்னு தள்ளிடுவேன்" என்று போனில் பேரம். பட்டா மாற்றப் போனாலும் இதே கதைதான். மாமல்லபுரம் கடலோரத்தில் சென்ட் கணக்கில் நிலம் விற்கிற காலத்தில், அரை ஏக்கர்காரன் பாடு கேட்கவே வேண்டாம். நம் சங்கத்து விவசாயி ஒருவர் அந்தப் பேரத்தைச் செல்போனில் பதிந்தார். ஆபீஸில் கிடைத்த பதில்: "ரெக்கார்டு பண்றியா? உன்னையே உள்ளே தள்ளிடுவேன்!"

யாரை மிரட்டுகிறீர்கள் ஐயா?

2008 ஏப்ரலில் தலைமைச் செயலாளர் திரிபாதியும் லஞ்ச ஒழிப்புத் துறை இயக்குநர் உபாத்யாயும் போனில் பேசியது பத்திரிகையில் அச்சேறியது. உடனே ஒட்டுக்கேட்பை விசாரிக்க நீதிபதி சண்முகம் கமிஷன்! 1988-ல் ஒட்டுக்கேட்புப் புகாரில் கர்நாடக முதல்வர் ஹெக்டே பதவியையே விட்டார். பெரியவர்கள் பேச்சு வெளியே போனால் கமிஷன். லஞ்சம் கேட்ட குரலை விவசாயி காட்டினால் மிரட்டலா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். இரண்டு பேர் பேசுவதை மூன்றாவது ஆள் திருட்டுத்தனமாகக் கேட்பது தப்பு. அதை நாமும் ஆதரிக்கவில்லை. போன் பேச்சு அந்தரங்க உரிமை என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2011-ல் உள்துறை அமைச்சகம் போட்ட ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவை 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்தும் செய்தது.

ஆனால் நம்மிடம் பேசியதை நாமே பதிவது வேறு சங்கதி. பம்பாயில் மரண விசாரணை அதிகாரி மல்கானி ஒரு டாக்டரிடம் போனில் லஞ்சப் பேரம் பேசினார். டாக்டரின் சம்மதத்தோடு போலீஸ் எடுத்த டேப் செல்லும் என்று 1972-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே உறவுகளே, பதிந்ததை வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். பதிந்த போனைப் பத்திரமாக வையுங்கள். கோர்ட்டில் அதற்குச் சான்றிதழும் கேட்பார்கள். பணம் கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். 2018 சட்டத் திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பவனும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்ப முடியும்.

தனியாகப் போனால் மிரட்டுவான். சங்கமாகப் போனால் நாற்காலி போடுவான்!

எங்கள் கோரிக்கைகள்:

1. மனுக் கொடுக்க வரும் விவசாயியின் செல்போனைப் பிடுங்காதே!
2. ஒவ்வொரு மனுவுக்கும் தேதி போட்டு ரசீது கொடு!
3. கொள்முதல் நிலையம், வட்டாட்சியர் அலுவலகம் எல்லாவற்றிலும் லஞ்ச ஒழிப்புத் துறை போன் நம்பரைப் பெரிதாக எழுதி வை!
4. லஞ்சப் புகார் கொடுத்தவரைப் பழிவாங்காதே!

வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகம் முன் திரள்வோம். திருப்போரூர், திருக்கழுக்குன்றம், செய்யூர், மதுராந்தகம் விவசாயிகளே, பச்சைத் துண்டோடு வாரீர்! வாரீர்!

இவண்,
சங்கச் செயலாளர்