சூசௌத் தோட்டமும் சுற்றுலா இரசனையும்

யாங்சி ஆற்றுச் சமவெளியின் சூசௌ நகரத் தோட்டங்களைப் பற்றி எழுதுவோர் பலரும் ஒரே வாய்பாட்டையே திரும்பத் திரும்ப ஒப்புவிக்கின்றனர். மனிதனும் இயற்கையும் ஒன்றிய நிலை, சீன ஆன்மாவின் என்றுமுள்ள அமைதி, உலகப் பற்றினைத் துறந்த அறிஞனின் தனிமை என்பன அவ்வாய்பாட்டின் உறுப்புகள். பிரயாண நூல்கள் தொடக்கிவைத்த இவ்வழக்கினைக் கலை விமரிசகர் எனப்படுவோரும் ஆராய்வின்றி ஏற்றுக்கொண்டமையே வருந்தத்தக்கது. ஒரு பிரதேசத்தின் பண்பாட்டைப் போற்றுவதாகக் கூறிக்கொண்டே, அப்பிரதேசத்தையும் அதன் மக்களையும் கண்ணுக்குப் புலப்படாதவாறு மறைத்துவிடும் இரசனை இது.

முதலில் அந்தத் துறவினை நோக்கலாம். இத்தோட்டங்களுட் புகழ்மிக்கதான ஜுவோஜெங் யுவான், மிங் ஆட்சிக்காலத்தில், 1509ஆம் ஆண்டளவில், உத்தியோகத்தைவிட்டு ஊர்திரும்பிய வாங் சியான்சென் என்பவரால் தொடங்கப்பெற்றது. தோட்டத்திற்கு நீர் பாய்ச்சுதலும் காய்கறி விற்றலுமே திறமையற்றவன் செய்யத்தக்க ஆட்சி எனும் பழங்கவிதைக் கருத்தொன்றிலிருந்து அதன் பெயர் பிறந்தது. பெயரிலே பணிவு, பரப்பிலோ இன்று ஏறத்தாழ 5 ஹெக்டேயர்! காய்கறி விற்றுப் பிழைப்பவன் இத்தகைய தோட்டத்தை அமைத்ததாக வரலாறில்லை. வாங்கின் மகன் ஒரே இரவுச் சூதாட்டத்தில் இதனை இழந்தான் என்பது வழிவழி வந்த செய்தி. துறவு சொத்தாகவும் பந்தயப் பொருளாகவும் இருந்தது என்பதை அச்செய்தியைச் சுவையாகக் கூறுவோரே கவனிப்பதில்லை. 'என்றுமுள்ள அமைதி' நிலவிய அதே நகரில், 1601இல் பட்டு நெசவாளர் வரிக்கொடுமைக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இயற்கை பற்றிய கூற்று இதனினும் பலவீனமானது. தோட்டங்களின் உயிர்நிலையாகக் கருதப்படுவன தைஹு ஏரியின் சுண்ணக்கற்கள். மெலிவு, சுருக்கம், துளை, ஊடுருவுந் தன்மை ஆகியவற்றைக் கொண்டு அவற்றை மதிப்பிட்டனர். ஏரியலைகள் அரித்தெடுத்த இக்கற்கள் தோட்டத்திற்குத் தாமாக நடந்து வரவில்லை. உளியும் சம்மட்டியும் கொண்டு ஆழ்நீரில் இறங்கியோர் அவற்றைப் பெரும்பாட்டுடன் வெட்டியெடுத்ததையும், பெருவடங்களாற் பிணித்துப் படகிலிருந்து மேலேற்றியதையும் கற்களைப்பற்றி 12ஆம் நூற்றாண்டில் எழுந்த தூ வானின் நூல் கூறுகின்றது. சொங் பேரரசர் ஹுய்சொங்கின் தோட்டத்திற்காக இவ்வட்டாரக் கற்களையும் மரங்களையும் ஜு மியான் என்பான் கவர்ந்து அனுப்பினான். அந்தக் கொடுமையால் மூண்ட சினமே 1120இல் ஃபாங் லாவின் கிளர்ச்சிக்கு ஆதரவு தேடிக்கொடுத்த காரணங்களுள் ஒன்று. கல்லின் துளைவழியே நிலவைக் காண்போர் அக்கல்லுக்காகச் சிந்திய இரத்தத்தைக் காணாதிருத்தல் இரசனையா?

'சீன ஆன்மா' என்னும் பொதுமையும் அவ்வாறே பொருளற்றது. சூசௌத் தோட்டம் சீனம் முழுவதற்கும் பொதுவான வார்ப்பன்று. நீர் மலிந்த வூ வட்டாரத்தின் படைப்பு. ஜுவோஜெங் யுவான் அமைந்த நிலத்தில் நீர் தேங்கிக் கிடந்தது. அதனைத் தூர்வாரியே குளமாக்கினர். மரவேலைக்கோ அருகிலுள்ள சியாங்ஷான் தச்சர் மரபு இருந்தது. பெய்ஜிங் அரண்மனைப் பணியிற் பெயர்பெற்ற குவாய் சியாங் அம்மரபினரே. தோட்டக் கலைக்கு இலக்கணம் வகுத்த ஜி செங்கும் இவ்வட்டாரத்தவரே. அண்மையிலுள்ள குன்ஷானிற் பிறந்த குன்ச்சூ இசைநாடகம் தோட்ட மண்டபங்களில் நிகழ்ந்தது. 1877இல் ஜுவோஜெங் யுவானின் மேற்குப் பகுதியை வாங்கிய ஜாங் லூசியென் அங்கே எழுப்பிய மண்டபம் அதற்கென்றே அமைந்தது. மண்டபத்தைக் கண்டு பாட்டைக் கேளாது செல்பவன் பாதியையே காண்கிறான். தேநீர்க்கடைகளில் சூசௌப் பேச்சுமொழியில் ஒலிக்கும் பிங்தான் கதைப்பாடலோ அவன் காதுக்கு எட்டுவதேயில்லை.

இதனாற் தோட்டங்கள் நிலப்பிரபுத்துவத்தின் எச்சங்கள், ஆதலின் ஒதுக்கத்தக்கன எனக் கொள்வாரும் உளர். அவர்கள் கூற்று, தாம் எதிர்க்கும் பிரயாண நூலார் கூற்றின் மறுபுறமேயாகும். இரு சாராரும் தோட்டத்தை அதன் உடைமையாளனுக்கே எழுதிக்கொடுத்துவிடுகின்றனர். செலவிட்டவன் அவன் என்பது மெய், செய்தவர் வேறு. 1952இல் ஜுவோஜெங் யுவான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, அதனைச் செய்தோரின் வழித்தோன்றல்களும் உள்ளே செல்ல வழி பிறந்தது. 1997இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. அதன்பின் பெருகிய வருணனைகளிலும் தச்சனுக்கும் கல்லெடுத்தவனுக்கும் கிடைத்த இடம் சொற்பமே.

நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் கலைக்கூடத்தில் 1981இல் திறக்கப்பட்ட சீன முற்றத்தை இங்கு கருதலாம். சூசௌவின் வாங்ஷி யுவான் தோட்டத்திலுள்ள முற்றமொன்றை மாதிரியாகக் கொண்டது அது. மரமும் கல்லும் ஓடும் சீனத்திலிருந்து கப்பலேறின. ஆயினும் ஆணியின்றி மரத்தோடு மரம் பொருத்துவதற்குச் சூசௌவிலிருந்து 27 கைவினைஞரையும் வரவழைக்கவேண்டியிருந்தது.