கடல் இருக்க ஆற்று நீர் எதற்கு?

சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஒரு குடம் தண்ணீரின் அருமையைச் சிறு பிள்ளையும் சொல்லும். அது வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பெய்தால் குளம் நிறையும். பொய்த்தால் கிணறும் வற்றும்.

அங்கிருந்து தென்கிழக்கே சுமார் 100 கிலோ மீட்டர் போனால் தூத்துக்குடி. அங்கே தண்ணீரில் இருந்து எரிபொருள் எடுக்கிறார்கள்!

இது எப்படி? தண்ணீர் என்பது இரண்டு வாயுக்கள் சேர்ந்த பொருள். ஒன்று, மனிதனுக்கு மூச்சுத் தரும் பிராணவாயு. மற்றொன்று, ஹைட்ரஜன். ஹைட்ரஜனை எரித்தால் கரியும் இல்லை, புகையும் இல்லை. மீண்டும் தண்ணீர்தான் கிடைக்கும். வெயிலாலும் காற்றாலும் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு இதைப் பிரித்தால், அதற்குப் "பச்சை ஹைட்ரஜன்" என்று பெயர்.

தூத்துக்குடி துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் இதற்கு ஒரு சிறு நிலையம் திறக்கப்பட்டது. துறைமுகக் குடியிருப்பின் தெரு விளக்குகளை எரிய வைப்பது அதன் வேலை. பெரிய ஆலைக்கும் ஏற்பாடு நடக்கிறது. சிங்கப்பூரின் செம்ப்கார்ப் நிறுவனம் 2024 ஜனவரியில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்தது.

நல்ல காரியம்தான். ஆனால், தண்ணீர் எங்கிருந்து வரும்?

90 கோடி லிட்டர்!

1 கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 லிட்டர் தண்ணீர் வேண்டும். 1 லட்சம் டன் எடுக்க 90 கோடி லிட்டர்! இதைத் தாமிரபரணியில் எடுத்தால், வயலும் வறளும், வாயும் வறளும்.

"கடல் நீரை நன்னீராக்கச் செலவாகுமே" என்று சிலர் சொல்லலாம். கணக்கைப் பாருங்கள். 1,000 லிட்டர் கடல் நீரை நன்னீராக்கச் சுமார் 4 யூனிட் மின்சாரம் போதும். 1 கிலோ ஹைட்ரஜனைப் பிரிக்கவோ சுமார் 50 யூனிட் வேண்டும்! யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?

வெயிலே பிரிக்குமா?

கடல் நீரை அப்படியே பிரிப்பது கடினம். உப்பில் உள்ள குளோரின் கருவியை அரித்துவிடும். ஆனாலும் விஞ்ஞானிகள் விடவில்லை. வெயில் மின்சாரத்தால் கடல் நீரையே பிரிக்கும் கருவியைச் சென்னை ஐ.ஐ.டி. விஞ்ஞானிகள் 2023-ல் செய்து காட்டினார்கள்.

மின்சாரம் இல்லாமல் வெயிலே நீரைப் பிரிக்கும் வழியும் உண்டு. வெள்ளைப் பெயிண்டில் சேரும் டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் ஒளி பட்டால் நீர் பிரிவதை, 1972-ல் ஜப்பானியர்களான பூஜிஷிமாவும் ஹோண்டாவும் கண்டார்கள். ஜப்பானில் 100 சதுர மீட்டர் பரப்பில் இதே வகையில் நடந்த சோதனையின் முடிவு 2021-ல் வெளியானது. விழுந்த வெயிலில் நூற்றில் ஒரு பங்குகூட ஹைட்ரஜன் ஆகவில்லை. அந்த வித்தை இன்னும் தவழும் குழந்தைதான். அது நடக்கக் கற்க, அரசு தாராளமாகப் பணம் தர வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவை இல்லை. கடல் நீரை நன்னீராக்கும் யந்திரம் இன்றே இருக்கிறது. ஆனால், மிஞ்சும் கடும் உப்பு நீரைக் கரையோரத்தில் கொட்டக்கூடாது. மீன் வளம் அழிந்தால் மீனவர் குடும்பம் என்ன செய்யும்?

ஆகவே, ஆலைக்கு அனுமதி தரும் நாளிலேயே அரசு நிபந்தனை போட வேண்டும். ஆலைக்குக் கடல் நீர். ஆற்று நீர் மக்களுக்கும் பயிருக்கும்!